சாயத்தைக் குறை சொல்லுமுன் பார்மலின் டப்பாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்தியல், விலங்கியல், சித்த மருத்துவம், கால்நடை மருத்துவம் என்று பல துறை ஆய்வு மாணவர்களும் எலியின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் டப்பாவில் போட்டுக்கொண்டு திசுவியல் ஆய்வகங்களுக்கு வருகிறார்கள். ஸ்லைடு கைக்குப் போன பிறகு திரும்பி வரும் புகார் ஏறக்குறைய ஒன்றுதான்: "சாயம் சரியாக ஏறவில்லை, இன்னொரு முறை போட்டுத் தாருங்கள்." ஹெமடாக்சிலினையும் ஈயோசினையும் எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் அந்த ஸ்லைடு தேறாது. எலியின் வயிற்றைத் திறந்த முதல் அரை மணி நேரத்திலும், அடுத்த 2 நாள் டப்பாவுக்குள்ளும் நடந்த தவறு அது. திசுவை அழுகவிடாமல் உள்ளபடியே நிலைப்படுத்துவது, அதாவது மாணவர்கள் பேச்சில் ‘ஃபிக்ஸ்’ செய்வது, எப்படி என்று யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

குழுவுக்கு 6 எலி, 5 குழு என்றால் 30 உயிர். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தந்த பிறகுதான் அவற்றைத் தொட முடியும். என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை நாள், எப்படி உயிர் நீக்குவது என்றெல்லாம் கேள்வி வருகிறது. எடுத்த உறுப்பு எந்தத் திரவத்தில் எத்தனை மணி நேரம் கிடக்கும் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. ஆய்வேட்டிலும் "உறுப்புகள் 10% பார்மலினில் பாதுகாக்கப்பட்டன" என்ற ஒற்றை வரிதான். எதில் 10%, பஃபர் (திரவம் புளிக்காமல் காக்கும் உப்புகள்) கலந்ததா, திசுவைப் போல எத்தனை மடங்கு, எத்தனை மணி நேரம் என்று எதுவும் அந்த வரியில் இல்லை.

முதலில் அந்த 10%. கடையில் ‘பார்மால்டிஹைடு கரைசல் 37–41%’ என்று வரும் பாட்டில்தான் பார்மலின். அதை முழுப் பார்மலின் என்று கொண்டு, 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்தால் 10% பார்மலின். அதில் உண்மையான பார்மால்டிஹைடு சுமார் 4% மட்டுமே. 1893-ல் ஃபிராங்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்தபோது, கடைச் சரக்கைப் பத்தில் ஒன்றாகத்தான் கலக்கினார். தன் விரல் தோலே விறைத்துப்போனதைக் கண்டுதான் திசுவுக்கும் பயன்படுத்திப் பார்த்தார். அந்தப் பத்தில் ஒன்று கணக்குதான் பெயராக இன்றும் ஓடுகிறது. வேதியியல் வகுப்பில் நன்றாகப் படித்த மாணவர்தான் இங்கே சறுக்குவார். 37 சதவீதத்தை 10 சதவீதமாக்க லிட்டருக்கு 270 மி.லி. பார்மலின் வேண்டும் என்று சூத்திரம் போட்டுக் கலக்கிவிடுவார். கிட்டத்தட்ட மூன்று மடங்கு காரமான திரவம். திசுவின் வெளிப்புறம் சட்டென்று இறுகி, உள்ளே திரவம் போகும் வழி அடைபட்டு, திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை வெட்டும்போது ஓரம் நொறுங்கும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒருவர் ஏற்கெனவே கலக்கி வைத்த 10% கரைசலை, இன்னொருவர் மூல பார்மலின் என்று நினைத்து மறுபடி பத்து மடங்கு நீர்க்கச் செய்வார். அந்த டப்பாவில் திசு மெதுவாக அழுகும். மூல பாட்டிலிலும் கலக்கிய பாட்டிலிலும் பெரிய எழுத்தில் வித்தியாசம் எழுதி ஒட்டினால் தீரும் விஷயம் இது.

அடுத்தது பஃபர். வெறும் தண்ணீரில் கலக்கிய பார்மலின் நாளாக நாளாகக் காற்றுப்பட்டு ஃபார்மிக் அமிலமாக மாறி, புளித்துக்கொண்டே போகும். 1 லிட்டர் பஃபர் பார்மலினுக்கான கணக்கு: பார்மலின் 100 மி.லி., வாலை வடிநீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் (ஒரு நீர்மூலக்கூறு உள்ளது) 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் (நீரற்றது) 6.5 கிராம். உப்புகளை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு பார்மலினைச் சேர்க்க வேண்டும். பிஎச் 6.8-க்கும் 7.2-க்கும் இடையில் நிற்கும். புத்தகத்தில் உள்ள இந்த எடையைப் பார்த்து அப்படியே நிறுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் ரசாயனக் கடைகளில் இரண்டு உப்புகளுமே பெரும்பாலும் இரு நீர்மூலக்கூறு வகையாகத்தான் கிடைக்கின்றன. அப்படியானால் முதல் உப்பு 4.5 கிராம், இரண்டாவது 8.15 கிராம் வேண்டும். இரண்டாவது உப்பு 12 நீர்மூலக்கூறு வகை என்றால் 16.4 கிராம். பாட்டிலின் லேபிளில் உள்ள மூலக்கூறு எடையைப் பார்க்காமல் தராசைத் தொடக்கூடாது.

பஃபர் இல்லாத பார்மலின் என்ன செய்யும் என்பதைக் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் போல ரத்தம் தேங்கும் உறுப்புகளில் பார்க்கலாம். பிஎச் 6-க்குக் கீழே இறங்கியதும் ஹீமோகுளோபினோடு வினைபுரிந்து, பழுப்பும் கறுப்புமாக நுண்துகள்கள் படியும். பார்மலின் நிறமி என்று பெயர். மருந்தின் நச்சால் கல்லீரலில் இரும்பு சேர்ந்துவிட்டது என்று இதை வைத்து முடிவு எழுதிவிடுவார்கள். பிரித்தறிய வழி எளிது. இரும்பு நிறமியான ஹீமோசிடரின், இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் பரிசோதனையில் நீலமாகும். பார்மலின் நிறமி ஆகாது. முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் பார்மலின் நிறமி மின்னும், பெரும்பாலும் செல்லுக்கு வெளியேயே சிதறிக் கிடக்கும். மெழுகு நீக்கிய ஸ்லைடை ஆல்கஹாலில் கரைத்த பூரித பிக்ரிக் அமிலத்தில் வைத்து எடுத்துத் தண்ணீரில் நன்றாக அலசினால் நிறமி போய்விடும். ஆனால் இது வைத்தியம்தான். அடுத்த முறைக்குப் பஃபர் உப்பு வாங்கி வைப்பது மலிவு.

பாட்டிலின் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருந்தால் அது பாராபார்மால்டிஹைடு. பார்மால்டிஹைடு ஒன்றோடொன்று சங்கிலியாகச் சேர்ந்து வீழ்படிந்தது. இதைத் தடுக்கத்தான் தயாரிப்பவர்களே 10–15% மெத்தனால் சேர்க்கிறார்கள். மூல பார்மலினைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வீழ்படிவு கூடும். அலமாரியிலேயே இருக்கட்டும்.

இனி நேரம். உயிர் பிரிந்ததும் செல்லின் நொதிகள் செல்லையே செரிக்கத் தொடங்கிவிடும். குடலின் உட்பூச்சு, கணையம், அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி, விழித்திரை ஆகியவை முதலில் கெடும். தசையும் தோலும் கொஞ்சம் பொறுக்கும். சித்திரை வைகாசியில் 35 டிகிரி அறையில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே 6 எலியையும் ஒன்றாக உயிர் நீக்கி வரிசையாக வைத்துவிட்டு, நிதானமாக ஒவ்வொன்றாகத் திறக்கும் வழக்கம் கூடாது. ஒன்றை முடித்து, உறுப்புகளை பார்மலினுக்குள் போட்ட பிறகுதான் அடுத்தது. உறுப்பை எடை பார்க்க வேண்டும் என்றால் சலைனில் ஒரு முக்கு, வடிதாளில் ஒரு ஒற்று, தராசு, உடனே டப்பா. குழாய்த் தண்ணீரில் கழுவினால் செல்கள் நீரை உறிஞ்சி வீங்கும். சலைனிலேயே மதியம் வரை ஊற வைத்தாலும் கெடும்.

இதைவிடப் பெரிய கேடு ஃப்ரீசர். பார்மலின் கலக்கவில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உறுப்பையோ முழு எலியையோ ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். மெல்ல உறையும்போது செல்லுக்குள் பனிப்படிகம் வளர்ந்து சவ்வைக் கிழிக்கும். உருகிய பிறகு பார்மலினில் போட்டால் ஓட்டை ஓட்டையாகக் காட்சி தரும். அதைப் பார்த்து ‘கொழுப்பு படிந்த கல்லீரல்’ என்றும், ‘செல்லில் குமிழிகள்’ என்றும் ஆய்வேட்டில் படம் போடுகிறார்கள். தவிர்க்க முடியாத தாமதம் என்றால் 4 டிகிரியில், குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். உறைநிலை கூடவே கூடாது.

தடிமன் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். பார்மலின் உள்ளே இறங்கும் ஆழம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும் என்று 1941-லேயே பீட்டர் மெடாவர் அளந்து காட்டினார். உறுப்பு மாற்று எதிர்ப்பு ஆராய்ச்சிக்காகப் பின்னால் நோபல் பரிசு பெற்ற அதே மெடாவர்தான். இதன் பொருள், இரண்டு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பது. எனவே துண்டு 3 முதல் 4 மி.மீ. தடிமனைத் தாண்டக்கூடாது. நீளமும் அகலமும் கேசட்டுக்குள் (திசுத் துண்டை வைக்கும் சிறு பெட்டி) அடங்கினால் போதும். எலியின் கல்லீரலை முழுசாகப் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்துவந்தால், வெளியே வெந்து நடுவில் மாவாக நிற்கும் இட்லி மாதிரிதான் இருக்கும்.

உள்ளே இறங்குவது வேறு, பிணைப்பது வேறு என்பதும் புரிய வேண்டும். தண்ணீரில் பார்மால்டிஹைடு பெரும்பாலும் மெத்திலீன் கிளைக்கால் என்ற வடிவில் இருக்கும். அது சில மணி நேரத்தில் துண்டின் நடுவை எட்டிவிடும். ஆனால் புரதங்களுக்கு இடையே பாலம் கட்டும் வேலை மெதுவானது. 4 மி.மீ. துண்டுக்கு அறை வெப்பத்தில் 24 மணி நேரம் குறைந்தபட்சம், 48 மணி நேரம் நல்லது. காலையில் போட்டு மாலையில் எடுத்து மெழுகுக்கு அனுப்பினால், பாலம் கட்டாத நடுப்பகுதியை அடுத்து வரும் ஆல்கஹால் தன் பாணியில் சுருக்கி நிலைப்படுத்திவிடும். ஒரே ஸ்லைடில் ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம். உட்கருக்கள் குமிழி விட்டு, அவற்றுள் இருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் கலங்கித் தெரியும். சாயத்தின் மேல் பழி விழுவது பெரும்பாலும் இந்த ஸ்லைடுகளில்தான்.

திரவத்தின் அளவு திசுவைப் போல 10 மடங்கு குறைந்தபட்சம், 20 மடங்கு இருந்தால் கவலையில்லை. 5 கிராம் திசுவுக்கு 100 மி.லி. ரத்தம் கலந்து கலங்கினால் சில மணி நேரத்திலேயே மாற்ற வேண்டும். டப்பாவுக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும். மாத்திரை பாட்டிலுக்குள் மெத்தென்று நுழைந்த உறுப்பு, விறைத்த பிறகு வெளியே வராது. பிடித்து இழுத்தால் நசுங்கும். அடியில் ஒரு துண்டு காஸ் துணி போட்டால் திசு அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் நிலைப்படாமல் போவதைத் தவிர்க்கலாம். பேனா எழுத்து ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்துவிடும். தடித்த தாளில் பென்சிலால் எண், குழு, உறுப்பு, தேதி, பார்மலினில் போட்ட மணி எல்லாம் எழுதி உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டும் லேபிள் டப்பாவின் உடம்பில் இருக்கட்டும். மூடிகள் மாறிப்போகும்.

உறுப்புக்கு உறுப்பு கைப்பக்குவம் வேறு. குடலை சலைனால் அலசி, பிறகு ஊசிக்குழாயால் உள்ளே பார்மலின் செலுத்தி, அதன் பின் துண்டு போட வேண்டும். நுரையீரல் மிதக்கும். மூச்சுக்குழாய் வழியே மெதுவாக பார்மலின் நிரப்பி நூலால் கட்டிவிட்டால் காற்றறைகள் விரிந்த நிலையில் நிற்கும். நிரப்பாத நுரையீரல் சுருண்டுபோய், திட்டுத் திட்டாக அழற்சி போலக் காட்டி ஏமாற்றும். சிறுநீரகத்தில் ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் வெட்டிவைத்தால் எது இடது, எது வலது என்பது பிளாக்கிலும் அடையாளம் தெரியும். விந்தகத்துக்கு பார்மலின் சரிப்படாது, விந்துக்குழல்கள் சுருங்கி இடைவெளி விழும். பூவான் கரைசல் நல்லது: நீரில் கரைத்த பூரித பிக்ரிக் அமிலம் 75 மி.லி., பார்மலின் 25 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மி.லி. விந்தகத்தைப் பச்சையாக வெட்டினால் குழல்கள் பிதுங்கி வெளியே வரும். உறையில் ஊசியால் சில துளைகள் போட்டு முழுசாகவே கரைசலில் இட்டு, கொஞ்சம் இறுகிய பிறகு பிளக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் 70% ஆல்கஹாலுக்கு மாற்றி, மஞ்சள் நிறம் குறையும் வரை ஆல்கஹாலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும் தன்மையுள்ளது. மூடியைச் சுற்றி மஞ்சள் பொடி பூத்த பழைய பாட்டிலைத் திறக்க முயலாதீர்கள்.

எலும்பை முதலில் பார்மலினில் முழுமையாக நிலைப்படுத்தாமல் அமிலத்தில் போட்டால் மஜ்ஜை கூழாகிவிடும். 48 மணி நேரம் பார்மலின், அதன் பிறகுதான் சுண்ணாம்பு நீக்கம். அவசரம் என்றால் ஃபார்மிக் அமிலம், உட்கரு நன்றாகத் தெரிய வேண்டும் என்றால் சுண்ணாம்பை மெல்லப் பிரித்தெடுக்கும் இ.டி.டி.ஏ. கரைசல், பிஎச் 7.2–7.4. பின்னதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

மூளைக்கு இதயம் வழியாகச் செலுத்தி நிலைப்படுத்துவதே முறை. ஆழ்ந்த மயக்கத்தில், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே இடது கீழறையில் ஊசி ஏற்றி, வலது மேலறையை வெட்டிவிட்டு, முதலில் சலைன், கல்லீரல் வெளுத்ததும் 4% பாராபார்மால்டிஹைடு. 250 கிராம் எலிக்கு இந்த நிலைப்படுத்தும் திரவம் சுமார் 250 முதல் 300 மி.லி. ஆகும். கால்கள் துடித்து, பிறகு கழுத்தும் வாலும் விறைத்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். மூக்கில் திரவம் வழிந்தால் ஊசி இடம் மாறி நுரையீரல் பக்கம் தள்ளுகிறது, கொஞ்சம் பின்னே இழுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பச்சை மூளையைக் கபாலத்திலிருந்து அழுத்திப் பெயர்த்தெடுத்தால் நரம்புச் செல்கள் சுருங்கிக் கருத்துத் தெரியும். அவற்றை எண்ணி ‘நரம்புச் செல் அழிவு’ என்று விகிதம் போட்ட ஆய்வுகள் குறைவில்லை.

பாராபார்மால்டிஹைடு கரைசலை அன்றன்றே தயாரிப்பது நல்லது. லிட்டருக்கு 40 கிராம். பாஸ்பேட் பஃபரில், புகை வெளியேற்றும் பெட்டிக்குள் 60 டிகிரி வரை சூடாக்கி, கலங்கல் தெளியும் வரை சோடியம் ஹைட்ராக்சைடு சில சொட்டு. ஆறியதும் பிஎச் 7.4-க்குக் கொண்டுவந்து வடிகட்ட வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்க விட்டால் கரைசல் கெடும், அறையும் நாறும்.

எந்தச் சாயம் போடப்போகிறோம் என்பதை எலியைத் தொடுமுன் முடிவு செய்யுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறோம். மெழுகு பிளாக்கைக் கொண்டுவந்து "ஆயில் ரெட் ஓ போட்டுக் கொழுப்பைக் காட்டுங்கள்" என்றால் முடியாது. ஆல்கஹாலும் சைலீனும் அந்தக் கொழுப்பைக் கரைத்துக் கழுவி எத்தனையோ நாள் ஆகியிருக்கும். கொழுப்புக்கு பார்மலினில் வைத்த திசுவை 30% சர்க்கரைக் கரைசலில் மூழ்கும் வரை வைத்து, உறையவைத்து வெட்ட வேண்டும். தசையின் நொதிச் சாயங்களுக்கு பார்மலினே ஆகாது. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஐசோபென்டேனில் நொடியில் உறையவைக்க வேண்டும். நேராக நைட்ரஜனில் போட்டால் திசுவைச் சுற்றி வாயுப்படலம் சூழ்ந்து உறைதல் தாமதமாகும், மறுபடி அதே பனிப்படிக ஓட்டைகள். குறிப்பிட்ட புரதத்தில் எதிர்ப்பொருளை ஒட்டவைத்துக் காட்டும் எதிர்ப்பொருள் சாயங்களுக்கு 24–48 மணி நேரத்தில் பார்மலினிலிருந்து எடுத்து 70% ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் கிடந்தால் பாலங்கள் பெருகி, எதிர்ப்பொருள் ஒட்டவேண்டிய இடம் மறைந்துவிடும். சிட்ரேட் பஃபரில் சூடாக்கி ஓரளவு மீட்கலாம், எல்லாவற்றையும் அல்ல.

2018-ல் மீனில் பார்மலின் கலந்த செய்தி வந்தபோது ஊரே பதறியது. அதே திரவத்தைக் கையுறை இல்லாமல், மின்விசிறிக்குக் கீழே ஊற்றிக் கலக்கும் மாணவர்களைப் பற்றி யாரும் பதறவில்லை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் பார்மால்டிஹைடை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் சேர்த்துவிட்டது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, புகைப்பெட்டி வேண்டும். புகைப்பெட்டி இல்லாத துறைகளில் குறைந்தபட்சம் வெளியேற்று விசிறியாவது வேண்டும். பழைய பார்மலினைச் சிங்க்கில் ஊற்றுவதும், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழிவோடு ஒரே கேனில் சேர்ப்பதும் கூடாது.

எங்கள் கோரிக்கை இரண்டுதான். விலங்கு நெறிமுறைக் குழுக்கள் அனுமதி தருமுன், எந்த உறுப்புக்கு எந்தத் திரவம், எத்தனை மி.லி., எத்தனை மணி நேரம், பிறகு எந்தச் சாயம் என்று அரைப்பக்க அட்டவணை ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். திரவங்கள் தயாராக, பிஎச் அளந்து, தேதியிட்ட பாட்டிலில் இருப்பதை மாணவரின் ஆய்வு வழிகாட்டி பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே விலங்குக் கூடத்திலிருந்து எலியை வெளியே எடுக்க அனுமதிக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதற்குத் தனி நிதி ஒதுக்கத் தேவையில்லை. ஒரு எலிக்கு ஆகும் தீவனச் செலவைப் பார்க்கும்போது பஃபர் உப்பின் விலை பெரிதல்ல.

இப்படிக்கு,
திசுவியல் ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர்கள்,
சென்னை.